ஆட்டத்தை விட்டுவிட்டுக் கல்லூரிப் பயிற்சியாளராவதா, ஆடிக்கொண்டே ஆவதா?

கேள்வி: இடதுகால் (பாம்பன்)

இந்த மன்றத்தில் உடற்கல்வித் துறையினரும் பழைய ஆட்டக்காரர்களும் பலர் இருப்பதால் என் குழப்பத்தை இங்கே வைக்கிறேன்.

நான் பாம்பனைச் சேர்ந்தவள், வயது 23. ஏழாம் வகுப்பில் கடற்கரையில் பையன்களோடு கால்பந்து ஆடத் தொடங்கினேன். பிறகு கல்லூரி அணிக்கு மூன்று ஆண்டுகளும், பல்கலைக்கழக அணிக்காக இரண்டு தென்மண்டலப் போட்டிகளிலும் இடது விங்கில் ஆடினேன். பட்டப்படிப்பை அடுத்து பி.பி.எட். (உடற்கல்வியியல் இளநிலைப் பட்டம்) முடித்தேன். கடந்த ஜூன் முதல் எங்கள் மாவட்டத்து மகளிர் கல்லூரி ஒன்றில் கால்பந்து அணிக்கு மட்டும் பயிற்சி கொடுக்கிறேன். வாரத்தில் நான்கு மாலைகள். மாதக் கடைசியில் ஒரு தொகையைக் கவரில் போட்டுத் தருகிறார்கள். வருகைப் பதிவேட்டில் என் பெயர் கிடையாது.

இப்போது சென்னையிலுள்ள ஒரு கிளப், இரண்டு பருவங்களுக்கு வந்து ஆடும்படி கேட்கிறது. தங்குமிடம், சாப்பாடு, சிறிய உதவித்தொகை தருவதாகச் சொல்கிறார்கள். போனால் இந்தக் கல்லூரி வேலை போய்விடும். போகாவிட்டால் ஆட்டம் போய்விடும். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். நான் ஆடுவதை ஒருநாளும் தடுத்ததில்லை. தடைக்காலத்தில் கடலுக்குப் போகாத நாட்களில் அவரே வந்து கோட்டோரமாக உட்கார்ந்து பார்ப்பார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கோச்சு கோச்சுன்னு சொல்றியே தாயி, அது என்ன உத்தியோகம்? அதுக்கு மேல ஆரு, கீழ ஆரு?" எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அணியில் முதலாமாண்டு மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவள் அம்மா கடலுக்குள் பாசி எடுக்கப் போகிறவர். மூச்சும் கால் வலுவும் அவளுக்கு வீட்டிலிருந்தே வந்திருக்கின்றன. ஆனால் பின்களத்திலிருந்து பாஸ் வரும்போது, பந்துக்கு நேராக முகத்தைக் காட்டி நிற்கிறாள். பக்கத்திலிருக்கும் காலால் அதை நிறுத்துகிறாள். அதன் பிறகுதான் எதிரணிக் கோல் பக்கம் திரும்புகிறாள். திரும்பி முடிப்பதற்குள் எதிரணி பேக் வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறாள். நான் பத்துப் பன்னிரண்டு தடவை செய்துகாட்டினேன். கடைசியில் அவள், "அக்கா, நீங்க செய்றது தெரியுது, எப்பச் செய்றீங்கன்னுதான் தெரியலை" என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கால்களுக்குத் தெரிந்ததை என் வாய்க்குச் சொல்லத் தெரியவில்லையென்றால், நான் இந்த வேலைக்குத் தகுதியானவள்தானா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற பி.டி.

மகளுக்கு வணக்கம். ஒரு மகளிர் கல்லூரியில் 27 ஆண்டுகள் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் உங்கள் தந்தையாரின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன்: நம் ஊர்க் கல்லூரிகளில் "கால்பந்துப் பயிற்சியாளர்" என்று பொதுவாக நிரந்தரப் பதவி கிடையாது. இருக்கும் பதவி உடற்கல்வி இயக்குநர் பதவிதான். ஆட்டத்தின் மீதுள்ள பற்றால் இத்துறைக்கு வரும் பெண்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முப்பது வயதில் அவர்களே தெரிந்துகொள்கிறார்கள்.

அந்தப் பதவிக்குப் பல்கலைக்கழக மானியக் குழு விதித்திருக்கும் தகுதிகளைச் சொல்கிறேன். எம்.பி.எட். என்ற உடற்கல்வியியல் முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். கல்லூரிப் பணிக்கான தகுதித் தேர்வில், அதாவது தேசிய அளவிலான நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வில், தேறியிருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான அல்லது கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளிலோ, மாநில, தேசியப் போட்டிகளிலோ ஆடியதற்கான சான்று வேண்டும். இவற்றோடு உடற்தகுதித் தேர்வும் உண்டு: முப்பது வயதுக்குட்பட்ட பெண்கள் 8 நிமிடத்தில் 1000 மீட்டர் கடக்க வேண்டும். உங்களைப் போன்றவருக்கு அது நடைப்பயிற்சி. நெட் தேர்வுதான் பலரை நிறுத்திவிடுகிறது. முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100 கேள்விகள். ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. நன்றாக ஆடிய என் மாணவியர் சிலர் அந்த முதல் தாளைக் கண்டு பயந்தே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அது பொது அறிவும் பகுத்தறிதலும் கலந்த தாள். ஆறு மாதம் ஒழுங்காக உட்கார்ந்து படித்தால் தேறிவிடலாம்.

பதவி கிடைத்த பிறகு கால்பந்து மட்டும் உங்கள் பொறுப்பில் இருக்காது. கபடி, கையுந்துப்பந்து, இறகுப்பந்து, சதுரங்கம் எல்லாம் ஒரே ஆள் தலையில்தான் வரும். போதாக்குறைக்குப் பட்டமளிப்பு விழாவில் நாற்காலி வரிசையை ஒழுங்குபடுத்துவதும் அணிவகுப்பு நடத்துவதும் "ஒழுங்கு" பார்ப்பதும் நம் வேலையாகிவிடும். (விழா முடிந்து நாற்காலிகளை எண்ணி ஒப்படைத்த இரவுகளில், என் பதவியின் முழுப் பெயர் "நாற்காலி இயக்குநர்" என்று கணவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.) பெண்கள் அணியை வெளியூருக்கு அழைத்துப் போவதென்றால், ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போய்ப் பேச வேண்டியிருந்தது. நான் பணியாற்றிய இடத்தில் ஒருமுறை, மண்டலப் போட்டிக்குப் போன ஆறு நாட்களுக்கு ஓ.டி. வருகை (கல்லூரிப் பணியாக வெளியே போனதாகக் கணக்கிடும் வருகை) தர மறுத்துவிட்டார்கள். அரையிறுதி வரை ஆடிவிட்டு வந்த மாணவியரில் இருவருக்கு வருகை விழுக்காடு குறைந்து, தேர்வுக்கட்டணத்தோடு அபராதமும் கட்ட நேர்ந்தது. அடுத்த ஆண்டு அந்த இருவரும் அணிக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. பயிற்சியாளரின் வேலையில் சரிபாதி மைதானத்துக்கு வெளியே, கோப்புகளோடும் பெற்றோர்களோடும் நடக்கிறது என்பதை அப்போதுதான் கற்றேன்.

இனி உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். ஆடுவதா, பயிற்சி கொடுப்பதா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதாக நினைக்கிறீர்கள். எம்.பி.எட். சேர்ந்துவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்கு நீங்கள் மறுபடியும் மாணவி. வயது வரம்பு இடங்கொடுக்கும் வரை பல்கலைக்கழக அணிக்கு ஆடலாம். நம் மாவட்டத்துக்குக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. சென்னைக்குத்தான் போக வேண்டுமென்றால் 1920 முதல் நடந்துவரும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. கோடை விடுமுறையில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பயிற்சியாளர்களுக்குத் தரும் டி உரிமத்தை எடுத்துவிடுங்கள். அது சில நாள் வகுப்புதான். அதற்கு மேலே சி, பி, ஏ என்று ஆசியக் கூட்டமைப்பின் உரிமங்கள் படிப்படியாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் அணிக்குப் பயிற்சி கொடுத்த அனுபவத்தைக் கேட்பார்கள். இப்போது நீங்கள் வாங்கும் அந்தக் கவர் வேலை அங்கே கணக்கில் வரும். ஆகையால் கல்லூரியிடமிருந்து ஒரு வரியிலாவது அனுபவச் சான்று கேட்டு வாங்கி வையுங்கள். கொடுக்கத் தயங்கினால், போட்டிக்கு அனுப்பிய அணிப் பட்டியலில் பயிற்சியாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும்படி செய்து, அதன் நகலை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளப்புக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத உதவித்தொகையை நம்பி ஒரு பெண் படிப்பைத் தள்ளிவைப்பது எனக்கு ஒப்புதலாக இல்லை.

மறுமொழி 2: தொண்டிக்கரை

அம்மா சொன்னவற்றில் படிப்பு பற்றிய பகுதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கிளப் பற்றிய பகுதியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் பதவி எதுவும் இல்லாமல் ஒன்பது ஆண்டுகளாகத் தொண்டிக் கடற்கரையில் சிறுவர் சிறுமியருக்குப் பந்து சொல்லிக்கொடுப்பவன். தொழில் ஐஸ் வியாபாரம். இன்றைக்கும் ஆடுகிற அக்கா சொன்னால் பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆடிய அண்ணன் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். நான் அந்த இரண்டாவது வகை.

நம் பக்கத்துப் பெண்கள் பெரிய அளவில் ஆட முடியும் என்பதற்கு இப்போது சான்று தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அணி 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று முதல்முறையாகத் தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தது. 2023-இல் அமிர்தசரஸில் அரியானாவை அதே கணக்கில் வென்று இரண்டாம் முறையும் எடுத்தது. நடுவில், 2019 மே மாதம், நம் சேதுவின் பெயரைத் தாங்கிய மதுரை அணி லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைப் பெற்றது. அப்போது அந்த அணியின் பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த் என்ற பெண். அந்த இறுதி ஆட்டத்தை ஐஸ்பெட்டிக் கடையில் கைப்பேசியில் பார்த்தோம். பந்து வலைக்குள் போவதற்கும் எங்கள் திரையில் போவதற்கும் நடுவே ஒரு டீ குடித்துவிடலாம். அவ்வளவு நல்ல சிக்னல்.

இனி உங்கள் முதலாமாண்டு மாணவியின் சிக்கலைப் பார்ப்போம். அவளுக்குச் செய்துகாட்ட வேண்டாம். எங்கே நிற்பது என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். வள்ளத்தில் வலை வாங்குகிறவர் எப்படி நிற்கிறார்? வலைக்கு நேராக மார்பைக் காட்டி நிற்பதில்லை. பக்கவாட்டில், ஒரு தோள் வலைக்கும் ஒரு தோள் சுக்கான் பிடிப்பவருக்குமாக நிற்கிறார். வலையும் தெரிய வேண்டும், வள்ளம் திரும்புவதும் தெரிய வேண்டும் அல்லவா? பாஸ் வரும்போது பந்துதான் வலை, எதிரணிக் கோல்தான் சுக்கான் பக்கம். அப்படி நின்றால் தூரத்திலிருக்கும் காலில்தான் பந்து தானாக வந்து விழும். தொட்ட மாத்திரத்தில் உடம்பு முன்னோக்கி இருக்கும். "எப்போது" என்று அவள் கேட்டது மிக நல்ல கேள்வி. பந்து வருவதற்கு முன்பு நீங்கள் எத்தனை தடவை பின்னால் திரும்பிப் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் தோழி ஒருத்தியை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு தடவையாவது பார்ப்பீர்கள். உங்களுக்கே அது தெரியாது. அவளுக்கு எட்டாமலிருப்பது அந்தப் பார்வைதான்.

ஒரு சின்ன எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மணலில் மட்டும் பழக்காதீர்கள். மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் உழைப்பு ஆகும். மூச்சுக்கும் ஆடுசதைக்கும் நல்லதுதான். ஆனால் மணலில் பந்து உருளாது, செத்துப்போகும். அங்கேயே பழகிய பிள்ளைகள் தரை மைதானத்துக்குப் போனதும், பந்து காலுக்கடியில் ஓடுவதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். வற்றத்தில் நீர் விலகிக் கெட்டியாகும் ஈர மணல் ஓரளவு தாங்கும். கச்சான் காற்று (மேல்காற்று) அடிக்கும் மாதங்களில் உயரப் பந்து அடிக்கவே விடாதீர்கள். தூக்கியடித்தவள் தலைமேலேயே திரும்பி வந்து விழும். சீமைக்கருவேல முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் வரிசையாகக் குனிந்து முள் பொறுக்குவதையே நாங்கள் வார்ம்-அப் ஆக்கிவிட்டோம். கோல் வலைக்குக் காசு செலவழிக்காதீர்கள். அப்பாவிடம் கிழிந்த வலை கேட்டால் நான்கு கோலுக்குத் தருவார்.

மறுமொழி 3: கீழக்கரை லாத்தா

கீழக்கரையில் பிறந்து, இப்போது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வாழ்கிறேன். என் மகள் இங்கே பள்ளியில் கால்பந்து ஆடுகிறாள். அவளை மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தே இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். தங்கையின் கேள்வியைப் படித்ததும் ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் என்ற பெண்ணின் வாழ்க்கைதான் நினைவுக்கு வந்தது. ஆட்டக்காரியாக இருந்து கல்லூரிப் பயிற்சியாளரானவர்களில், இரண்டையும் ஒரே காலத்தில் செய்தவர் அவர்.

வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் ஃபார்வர்டாக 1983, 1984, 1986 ஆகிய ஆண்டுகளில் தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்ற அணியில் இருந்தார். நடுவில் 1985 இறுதியில் தோற்றார்கள். 1990-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மகளிர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். அடுத்த ஆண்டு மேரிலாந்துக்கு மாறினார். இதில் கவனிக்க வேண்டிய செய்தி என்னவென்றால், அதே 1991 நவம்பரில் சீனாவில் நடந்த முதலாவது மகளிர் உலகக் கோப்பையில் அமெரிக்க அணியின் கேப்டனாக நின்று, நார்வேயை 2-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியவரும் அவர்தான். அதாவது, உலகக் கோப்பை ஆடும்போதே அவர் கல்லூரிப் பயிற்சியாளர். முழங்கால் தொல்லையால் அதன் பிறகு ஆட்டத்தை நிறுத்த நேர்ந்தபோது, புதிதாகத் தேடிப் போக வேண்டிய நிலை அவருக்கு இல்லை. மேரிலாந்தில் 1995 வரையும், பிறகு 1999 வரை வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலும் இருந்தார். 1996 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்குத் துணைப் பயிற்சியாளர். 2000-இல் அந்த அணியின் முதல் பெண் தலைமைப் பயிற்சியாளரானார். அந்த ஆண்டு சிட்னியில் வெள்ளி, 2004-இல் ஏதென்ஸில் தங்கம்.

இதை வைத்து அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்காக இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். ஓய்வுபெற்ற அம்மா சொன்ன அந்த இல்லாத பதவி இங்கே உண்டு: கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான முதற்பிரிவில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட மகளிர் கால்பந்து அணிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் சம்பளத்தோடு தலைமைப் பயிற்சியாளரும் துணையாளர்களும் இருக்கிறார்கள். அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் பெண் என்பதற்காக யாரையும் விலக்கக் கூடாது என்று 1972-இல் வந்த சட்டம்தான் அதற்கு அடிப்படை. ஆனால் அந்தச் சட்டம் வருவதற்கு முன்பு, சம்பளம் பெயருக்கு இருந்த காலத்தில், கல்லூரி மகளிர் அணிகளின் பயிற்சியாளர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பெண்கள். சட்டம் வந்து, பணம் வந்து, அது மதிப்பான வேலையானதும் ஆண்கள் வரிசையில் வந்து நின்றார்கள். 2014 கணக்கில் பெண்களின் பங்கு 43 விழுக்காடு அளவுக்கு இறங்கியிருந்தது. நம் ஊரிலும் மகளிர் கால்பந்துக்குப் பணம் வரத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பதவி நம் கல்லூரிகளில் உருவாகும் நாளில், சான்றிதழைக் கையில் வைத்திருக்கும் பெண்கள் போதுமான எண்ணிக்கையில் இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் டி உரிமத்தை இந்தக் கோடையிலேயே எடுத்துவிடுங்கள் தங்கை.

இந்தியாவில் முன்னுதாரணமே இல்லையென்றும் எண்ண வேண்டாம். கோவாவைச் சேர்ந்த மேமோல் ராக்கி நாட்டுக்காக ஆடியவர்; 2017-இல் இந்திய மகளிர் அணிக்கே தலைமைப் பயிற்சியாளரானார். 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற இந்திய அணியின் துணைப் பயிற்சியாளர், கேரளத்தைச் சேர்ந்த முன்னாள் ஆட்டக்காரி பி. வி. பிரியா.

மறுமொழி 4: முழங்கால்

என் பெயரே என் கதை. தேவிபட்டினம் பக்கத்தில் பிறந்தவள். இருபத்திரண்டாம் வயதில், யாரும் என்னைத் தொடாமலே, தலையால் பந்தை முட்டிவிட்டுக் கீழே இறங்கும்போது வலது முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. "டப்" என்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்றவளுக்கும் கேட்டது. ஏ.சி.எல். எனப்படும் தசைநார் அறுந்திருந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து மறுபடி ஓட ஆரம்பிக்க ஒன்பது மாதமானது. ஆட்டத்துக்கு நான் திரும்பவில்லை.

இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை. இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு இரண்டு மடங்காவது கூடுதலாக வருகிறது. இடுப்பு, முழங்கால் அமைப்பும் தரையிறங்கும் விதமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எனக்குப் பயிற்சி கொடுத்தவர் நல்ல மனிதர். ஆனால் எப்படித் தரையிறங்குவது என்று அவர் ஒருநாளும் சொல்லித்தந்ததில்லை. அவர் பழகியதெல்லாம் ஆண்கள் அணி. மைதானத்தை மூன்று சுற்று ஓடச் சொல்லிவிட்டு நேராக ஆட்டத்துக்கு விட்டுவிடுவார்.

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு வகுத்த "11+" என்ற வார்ம்-அப் முறை ஒன்று இருக்கிறது. 15 பயிற்சிகள், மூன்று பகுதிகள்: 8 நிமிடம் மெதுவோட்டம், 10 நிமிடம் வலு, குதித்தல், சமநிலை, கடைசி 2 நிமிடம் வேகவோட்டம். கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள 1,892 பெண்களை வைத்துச் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இதைச் செய்தவர்களுக்கு மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியும் குறைந்திருந்தன. குதித்து இறங்கும்போது முழங்கால் கால்விரலுக்கு நேராக இருக்கிறதா, உள்ளே சாய்கிறதா என்று முன்னால் நின்று பார்ப்பதுதான் பயிற்சியாளர் செய்ய வேண்டியது. உங்கள் பாசிக்காரம்மா மகளை முதலில் பாருங்கள். பலமான கால் உள்ளவர்களிடம் இந்தச் சாய்வை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம்.

கிளப்புக்குப் போவதானால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: காயமடைந்தால் சிகிச்சைச் செலவை யார் ஏற்பார்கள்? எழுத்தில் பதில் வராவிட்டால் என் வாக்கு பி.டி. அம்மாவுக்குத்தான். பயிற்சிக்கு வெறும் ஆர்வம் போதும், முழங்காலுக்குப் போதாது.

இடதுகால் (பாம்பன்), பதினோரு நாட்களுக்குப் பின்

அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கிளப்பிடம் முழங்கால் அக்கா சொன்ன கேள்வியைக் கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். எழுத்தில் தரும்படி கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. தொண்டிக்கரை அண்ணன் என்னை மன்னிக்க வேண்டும், நான் போகவில்லை. எம்.பி.எட். சேர்க்கைக்குக் காரைக்குடியில் விண்ணப்பிக்கப் போகிறேன். பல்கலைக்கழக அணித் தேர்வுக்கும் போவேன். வார நாட்களில் வகுப்பு இருக்கும் என்பதால், கல்லூரிப் பயிற்சியைச் சனி, ஞாயிறு என்று மாற்றித் தருவார்களா என்று முதல்வரிடம் கேட்டிருக்கிறேன். அணிப் பட்டியலின் நகலையும் அம்மா சொன்னபடி வாங்கிவிட்டேன். அதில் என் பெயருக்கு எதிரே "பயிற்சியாளர்" என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சம்பளம் எவ்வளவுன்னு இதுல போடலையே" என்றார்.

முதலாமாண்டு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோழி ஒருத்தியைக் கோட்டோரம் நிறுத்தி எண்ணச் சொன்னேன். பந்து வருவதற்கு முன் நான் மூன்று தடவை திரும்பிப் பார்க்கிறேனாம். கடைசிப் பார்வை, பாஸ் கொடுப்பவளின் கால் பந்தில் படுவதற்குச் சற்று முன்பு. எனக்கே அது செய்தி. மறுநாள் அவளை அழைத்து, பந்தைத் தொடவே வேண்டாம், நான் பந்தை உதைக்கும் முன்பு திரும்பிப் பார்த்து உன் பின்னால் நிற்பவள் எத்தனை விரல் காட்டுகிறாள் என்று மட்டும் சத்தமாகச் சொல் என்றேன். முதலில் சிரித்தாள். அரைமணி நேரம் அதையே செய்தோம். பிறகு பந்தோடு செய்தபோது, வலை வாங்கும் நிலையை நான் சொல்லாமலே உடம்பு பக்கவாட்டில் திரும்பியிருந்தது. திரும்பிப் பார்ப்பதற்கு அப்படி நிற்பதுதான் வசதி என்பதை அவள் கழுத்தே கண்டுபிடித்துவிட்டது. பதினைந்து பாஸில் ஒன்பதைத் தூரக்காலில் வாங்கினாள். மீதி ஆறும் பழையபடிதான்.

இறங்கும்போது அவள் இடது முழங்கால் உள்ளே சாய்கிறது. முழங்கால் அக்கா, அதற்கென்று தனியாக எந்தப் பயிற்சியைக் கூட்ட வேண்டும், வாரத்துக்கு எத்தனை நாள்?

முழங்கால்

ஒற்றைக்காலில் நின்று சமநிலை பார்ப்பதையும், ஒற்றைக்காலில் மெதுவாக உட்கார்ந்து எழுவதையும் கூட்டுங்கள். வாரம் மூன்று நாள். வெறுங்காலில் ஈர மணலில் செய்தால் இன்னும் நல்லது. முதல் இரண்டு வாரம் குதிக்க விடாதீர்கள். கண்ணாடி முன்னால் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். கண்ணாடி இல்லையென்றால் கைப்பேசியில் படம் எடுத்து அவளிடமே காட்டுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவள் கண்ணால் பார்ப்பது சீக்கிரம் ஏறும்.